துவக்குச் சத்தம் இல்லாத ஒரு விளையாட்டைத் தேடி

புத்தூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அம்மா வெங்காயம் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். அறைக்குள் தங்கச்சியின் மகன் லப்டொப்பில் விளையாடிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட விடுமுறை. ஹெட்போன் வயர் கழன்றதை அவன் கவனிக்கவில்லை. திடீரென்று வீடு முழுவதும் துவக்குச் சத்தம். முதலில் ஒற்றை வெடி, பிறகு தொடர்ச்சியாக, கடைசியில் ஏதோ ஒன்று வெடித்து விழும் சத்தம்.

நான் கிணற்றடியில் இருந்து ஓடிவந்தபோது அம்மா கதிரையில் இல்லை. குசினிக்கும் சாமியறைக்கும் இடையில் உள்ள சுவரோடு ஒட்டி, கால்களை மடித்து இருந்தார். கையில் வெங்காயம் அப்படியே இருந்தது.

"ஒண்டுமில்லை, தலை சுத்தினது" என்றார்.

தலைச்சுற்று இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எண்பதுகளின் கடைசியில் ஷெல் அடிக்கும்போது நாங்கள் எல்லோரும் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அது. வளவுக்குள் பங்கர் வெட்டுவதற்கு முன்னர் அந்தச் சுவர்தான் எங்களுக்குப் பங்கர். போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அம்மாவின் கால்களுக்கு அந்த வழி மறக்கவில்லை.

மருமகன் பயந்துபோனான். அவன் போருக்குப் பிறகு பிறந்தவன். தன்னுடைய விளையாட்டுத்தான் அம்மம்மாவை அந்தச் சுவரடிக்கு அனுப்பியது என்று விளங்க அவனுக்குச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் யாரும் சொல்லாமலே அதைக் கணினியில் இருந்து அழித்துவிட்டான். இரண்டு நாள் சும்மா இருந்தான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து கேட்டான்:

"அப்ப நான் என்ன விளையாடுறது மாமா?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. நான் ஊரில் சிறிய அளவில் கணினி திருத்தும் வேலை செய்பவன். 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு கொழும்பில் இருந்து வந்த பழைய கணினிகளைக் கழற்றிப் பூட்டித்தான் தொழில் பழகினேன். ஆனால் விளையாட்டுகளைப் பற்றி அக்கறையாகத் தேடியது கிடையாது. அதன் பிறகு நானும் அவனுமாகச் சில மாதங்கள் தேடினோம். அந்தத் தேடலில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் இங்கும் வெளிநாடுகளிலும் நிறைய இருக்கும்.

விளையாடாதே என்று சொல்ல மனம் வரவில்லை

"கணினியைப் பூட்டி வைத்துவிடு" என்று சொல்வது இலகு. ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பற்றரிக்குத் தடை இருந்தபடியால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அந்தக் காலத்திலும் நாங்கள் விளையாடினோம். கிளித்தட்டு, கிட்டிப்புள், போளை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஐந்தாறு குடும்பங்களோடு படுத்திருந்தபோதும், பிள்ளைகள் மறுநாளே தரையில் கோடு கீறி விளையாடத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள் அதைத் தடுக்கவில்லை. நாங்கள் சிரித்த ஒரேயொரு நேரம் அது.

ஆகவே இங்கே கேள்வி பிள்ளை விளையாடலாமா இல்லையா என்பதல்ல. அம்மம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆயும்போதும் விளையாடக்கூடிய விளையாட்டு எது என்பதுதான்.

திரும்பி வரக்கூடிய உலகம்

தேடியபோது ஒரு வகை விளையாட்டு எங்களுக்கு ஒத்துவந்தது. ஆங்கிலத்தில் அதை மெட்ரொயிட்வேனியா என்கிறார்கள். மெட்ரொயிட், காசல்வேனியா என்ற இரண்டு விளையாட்டுகளின் பெயர்களை ஒட்டி உண்டாக்கிய சொல். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விடயம் இலகுவானது.

மாரியோ விளையாட்டை அநேகமானவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறிய மனிதன் பக்கவாட்டில் ஓடுவான், பாய்வான், மேடைகளில் ஏறுவான். 1985 இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடந்து வந்த இடத்துக்குத் திரும்ப முடியாது, திரை பின்னோக்கி நகராது.

அடுத்த வருடம், 1986 இல், ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் மெட்ரொயிட்டை வெளியிட்டது. அதிலும் பாய்வதும் ஏறுவதும்தான். ஆனால் தொடங்கிய இடத்தில் இருந்து வலப்பக்கம் போனால் சிறிது தூரத்தில் வழி அடைபட்டுவிடும். ஒடுங்கிய பொந்து ஒன்றுதான் இருக்கும், அதற்குள் ஆள் நுழைய முடியாது. திரும்பி வந்து, தொடங்கிய இடத்துக்கு இடப்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பொருள் இருக்கும். அதை எடுத்தால் உடலைப் பந்தாகச் சுருட்டி உருளலாம். இப்போது மறுபடி அந்தப் பொந்துக்குப் போனால் வழி திறந்துவிடும். அந்த விளையாட்டு வந்த அடுத்த வருடம் இங்கே இந்திய இராணுவம் வந்திறங்கியது. நாங்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

1997 இல் கொனாமி நிறுவனத்தின் காசல்வேனியா: சிம்பனி ஒஃப் த நைட் இந்த முறையை ஒரு பெரிய கோட்டைக்குள் கொண்டுவந்தது. கோட்டை முழுவதும் ஒரே உலகம். அறையில் இருந்து அறைக்குப் போகப் போக வரைபடம் தானாக நிரம்பும். பூட்டிய கதவுகளையும் எட்டாத மேடைகளையும் நினைவில் வைத்திருந்து, புதிய ஆற்றல் கிடைத்த பிறகு திரும்பிப் போக வேண்டும். இன்று இந்த வகையில் வரும் விளையாட்டுகள் எல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டின் பிள்ளைகள்.

புத்தூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த ஊர் ஒழுங்கைகளே போதும். புதிதாக வந்தவருக்கு ஒவ்வொரு குச்சொழுங்கையும் ஒரு வேலியில் போய் முடியும். ஊரவனுக்கு எந்த வேலியில் கடப்பு இருக்கிறது, எந்தத் தோட்டத்து வரம்பால் நடந்தால் அடுத்த தெருவில் ஏறலாம், மாரியில் எந்த வழி வெள்ளம் என்று தெரியும். 1996 இல் நாங்கள் திரும்பி வந்தபோது பழகிய பாதைகளில் மண் அணையும் முட்கம்பியும் இருந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போகப் புது வழி கண்டுபிடித்தோம். ஒரு பாதை மூடினால் இன்னொன்று, அது திறந்தால் மறுபடி பழையது. ஊரின் வரைபடத்தை ஒவ்வொரு மாதமும் மனதுக்குள் திருத்தினோம்.

மருமகன் முதன்முதலாக இந்த வகை விளையாட்டைத் தொடங்கியபோது பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, மேல ஏறேலாது. வழி இல்லை."

"இப்ப ஏலாது. வேற பக்கம் போய்ப் பாத்திட்டுப் பிறகு வா."

மூன்றாம் நாள் அவன் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் ஏறினான். துவக்குச் சுடும் விளையாட்டில் வென்றபோதும் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. இப்போது முடியாதது பிறகு முடியும் என்பதைப் பிள்ளைக்கு ஆயிரம் தரம் சொல்லலாம். இந்த விளையாட்டில் அவன் அதைத் தானே செய்து பார்க்கிறான்.

இதைப் பெரிதாக்கிச் சொல்லவும் நான் விரும்பவில்லை. விளையாட்டில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு திறப்பை எங்கோ வைத்துவிட்டுத்தான் உருவாக்கியவர் எங்களை உள்ளே விடுகிறார். எங்கள் வாழ்க்கையில் யாரும் அப்படி வைக்கவில்லை. அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, 1990 ஆனியில் வலிகாமம் வடக்கில் இருந்து உடுத்த உடுப்போடு புத்தூருக்கு வந்தவர். அவருடைய வளவு இன்னும் முட்கம்பிக்கு அங்கால் இருக்கிறது. பிள்ளைகளைத் தேடித் தெருவோரம் இருக்கும் தாய்மாருக்கும் எந்தக் கதவும் திறக்கவில்லை. விளையாட்டு இவற்றுக்கு மருந்தல்ல.

ஆராய்ச்சி பற்றியும் ஒரு வார்த்தை. 2009 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரின் குழு ஒரு பரிசோதனை செய்தது. மனதைப் பாதிக்கும் காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, அரை மணித்தியாலத்தின் பின் டெட்ரிஸ் விளையாடக் கொடுத்தார்கள். அந்தக் காட்சிகள் பிறகு அவர்களுக்குத் திடீர் திடீரென்று நினைவில் வந்தது குறைவாக இருந்தது. அது டெட்ரிஸ் பற்றியது, ஆய்வுகூடத்தில் பார்த்த படம் பற்றியது. முப்பது வருடக் காயத்துக்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் ஒருவர் சத்தத்துக்கு நடுங்குகிறார், நித்திரை இல்லை என்றால் அதற்கு வைத்தியரின் உதவிதான் வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வாங்க முதல் பார்க்க வேண்டியவை

முதலில் கணினி. இந்த வகை விளையாட்டுகளில் நல்லவை பல, ஒருவரோ இரண்டு மூன்று பேரோ சேர்ந்து செய்தவை. இரு பரிமாணப் படங்களாக இருப்பதால் பத்து வருடப் பழைய லப்டொப்பிலும் ஓடும். தனியான கிராபிக்ஸ் அட்டை அநேகமாகத் தேவைப்படாது. ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் குறைந்தபட்சத் தேவை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் விண்டோஸ் பதிப்பு, ராம் நினைவகம், வன்தட்டில் வேண்டிய இடம் ஆகிய மூன்றையும் உங்கள் கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டீம் என்ற பெரிய விற்பனைத் தளம் 2024 ஜனவரி 1 உடன் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தப் பழைய பதிப்பு உள்ளவர்கள் கீழே நான் சொல்லும் இலவச விளையாட்டுகளில் இருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, எங்கே தேடுவது. ஸ்டீம் தளத்தில் மெட்ரொயிட்வேனியா என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்த வகைக்கென்றே தனிப்பக்கம் வரும். அதற்குள் விலை, இலவசம், டெமோ என்று பிரித்துப் பார்க்கலாம். இட்ச் ஐஓ என்ற தளத்தில் சிறிய ஆட்கள் செய்த இலவச விளையாட்டுகள் நிறைய உண்டு. ஜிஓஜி என்ற தளத்தில் வாங்கினால் நிறுவும் கோப்பைப் பென்ட்ரைவில் சேமித்து வைத்து, இணையம் இல்லாத நேரத்திலும் நிறுவலாம், விளையாடலாம். டேற்றா கார்ட் போட்டு இணையம் பாவிக்கும் வீடுகளுக்கு இது பெரிய உதவி.

மூன்றாவது, வன்முறை. இதுதான் எங்கள் வீட்டுக்கு முக்கியமானது. விளையாட்டின் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். யூடியூபில் அந்த விளையாட்டின் பெயரைப் போட்டு, யாராவது பேசாமல் விளையாடும் காணொளியைப் பத்து நிமிடம் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். பிள்ளை இல்லாத நேரத்தில், ஆனால் பெரியவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில். அநேகமான விளையாட்டுகளில் இசையையும் மற்றச் சத்தங்களையும் அமைப்புப் பகுதியில் தனித்தனியே குறைக்கலாம். இசையை விட்டு மற்றதைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான்காவது, பணம். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு சரிவரவில்லை என்றால், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வங்கி அட்டையால் வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்ய அனுமதி இருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். ஆனி ஆடியிலும் மார்கழியிலும் பெரிய தள்ளுபடி வரும், அதுவரை பொறுத்திருப்பது நல்லது. வெளிநாட்டில் உள்ள மாமா, சித்தப்பா "என்ன வேணும்?" என்று கேட்டால் இப்படி ஒன்றைச் சொல்லலாம்.

திருட்டுப் பிரதி பற்றியும் சொல்ல வேண்டும். பென்ட்ரைவில் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் வாங்கி, பிறகு என்னிடம் திருத்த வரும் கணினிகள் கொஞ்சமல்ல. ஒரு தடவை பல்கலைக்கழகப் பிள்ளை ஒருவரின் நான்கு வருடக் குறிப்புகள் முழுவதும் வைரசால் பூட்டப்பட்டுப் போயின. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இலவசமாகவே நல்ல விளையாட்டுகள் இருக்கும்போது அந்த ஆபத்து தேவையில்லை.

நாங்கள் கண்டவை

சைக்லஸ்: 2003 இல் வந்த இலவச விளையாட்டு. பெயர் எஸ்தோனிய மொழிச் சொல், சாகசம் என்று பொருள். துணையோடு இருந்த ஒரு சிறிய வெள்ளை மனிதன் ஒரு விபத்தால் தூர எறியப்படுகிறான். திரும்பி அவளிடம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கதை. ஒரு சொல்லும் இல்லை. சண்டை இல்லை, சாவும் இல்லை. விழுந்தால் எழும்பி நடக்கலாம். கணினியே பாவித்திராத ஒருவரும் அம்புக்குறி விசைகளால் விளையாடலாம். எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது இதுதான்.

நிட் ஸ்டோரீஸ்: 2007 இல் நிஃப்ளாஸ் என்ற பெயரில் இயங்கும் சுவீடன் நாட்டுக் கலைஞர் செய்தது. இதுவும் இலவசம். யூனி என்ற சிறுமி ஓடவும் சுவரில் ஏறவும் இரட்டைப் பாய்ச்சல் பாயவும் ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்கிறாள். குடை ஒன்றும் கிடைக்கும், அதைப் பிடித்தபடி மெல்ல மிதந்து இறங்கலாம். அவளிடம் ஆயுதம் எதுவும் கிடையாது, ஆபத்து வந்தால் விலகிப் போக வேண்டும். இசை அமைதியானது. நாங்களே உலகங்களை வரைந்து உருவாக்க இதனோடு ஒரு கருவியும் வருகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேவ் ஸ்டோரி: ஜப்பானைச் சேர்ந்த டைசுக்கே அமாயா என்பவர் தன் ஓய்வு நேரத்தில், ஐந்து வருடம் தனியாக இருந்து செய்து, 2004 மார்கழியில் இலவசமாக வெளியிட்டார். எங்கள் கரையைச் சுனாமி அடித்த அதே மாதம். சில மெகாபைட் அளவுதான். பிறகு வந்த விலைக்குரிய பதிப்பு வேறு, பழைய பதிப்பு இன்றும் இலவசம். கதை மிக நல்லது: முயல் போன்ற ஓர் இனத்தின் ஊருக்குள் ஆட்கள் வந்து அவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இதில் துவக்கு உண்டு. சத்தம் பழைய காலத்து 'பிங் பிங்' தான். ஆனாலும் பிடித்துக்கொண்டு போகும் அந்தக் கதை எங்கள் வீடுகள் சிலவற்றில் வேறு விதமாகப் படும். பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அனிமல் வெல்: 2024 வைகாசியில் வந்தது. பில்லி பாசோ என்பவர் ஏறக்குறைய ஏழு வருடம் தனியாக உழைத்துச் செய்தது. தரவிறக்க 40 மெகாபைட்டும் வேண்டாம், ஒரு சில பாடல்களின் அளவுதான். பெயரின் பொருள் விலங்குகளின் கிணறு. இருட்டான கிணற்றுக்குள் சிறிய உயிர் ஒன்று வழி தேடுகிறது. வாளோ துவக்கோ இல்லை. நீர்க்குமிழி, யோயோ போன்ற விளையாட்டுச் சாமான்கள்தான் கருவிகள். 64 முட்டைகள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு எச்சரிக்கை: கருவிகளில் சீனவெடியும் ஒன்று, பேய்களும் வரும். நாங்கள் சத்தத்தைக் குறைத்தே விளையாடினோம்.

ஹொலோ நைட்: அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தில் ஒரு சிறிய குழு செய்து 2017 இல் வெளியிட்டது. இதன் அடுத்த பாகமான சில்க்சோங் 2025 செப்டெம்பரில் வந்தது. அழிந்துபோன ஒரு பூச்சி இராச்சியம், நிலத்துக்கு அடியில். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் வரைபடம் இல்லாமல்தான் நுழைய வேண்டும். கோர்னிஃபர் என்ற வரைபடக்காரர் எங்கோ ஒரு மூலையில் இருந்து முணுமுணுத்துப் பாடுவார். தரையில் கிடக்கும் காகிதங்களையும் அந்தப் பாட்டையும் பிடித்துக்கொண்டு போனால் அவரைக் காணலாம். அவர் தருவதும் அரைகுறை வரைபடம்தான். மீதியை நாங்கள் நடந்து நிரப்ப வேண்டும், அதுவும் ஒரு வாங்கில் இருந்து இளைப்பாறும்போதுதான் பதியப்படும். வாளால் சண்டை பிடிக்க வேண்டும், கடினம். வன்தட்டில் 9 ஜிபி இடம் வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லதை நான் காணவில்லை. சிறு பிள்ளைகளுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும் வேண்டாம்.

டேல்ஸ் ஒஃப் கென்சேரா: சௌ. 2024 சித்திரையில் வந்தது. ஆபிரிக்காவின் பாண்டு மக்களின் கதைகளில் இருந்து எடுத்தது. இறந்துபோன தந்தையைத் திருப்பித் தரும்படி மரண தேவனோடு ஓர் இளைஞன் பேரம் பேசுகிறான். இதை உருவாக்கிய அபூபக்கர் சலிம் தன் தந்தையை இழந்த துயரத்தில் இருந்து இதைச் செய்தார். புதிய கணினி வேண்டும். எங்கள் வீட்டுக் கணினியில் ஓடவில்லை, உறவினர் வீட்டில் பார்த்தேன். இறந்தவர் திரும்பி வருவாரா என்பதல்ல அதன் கேள்வி, எஞ்சியவர் எப்படி நடப்பது என்பதுதான். பெரியவர்களுக்கு அது விளங்கும்.

தேடும்போது திஸ் வோர் ஒஃப் மைன் என்ற பெயரும் உங்கள் கண்ணில் படும். போலந்துக்காரர் 2014 இல் செய்தது, சரயேவோ முற்றுகையை மனதில் வைத்தது. முற்றுகையிடப்பட்ட நகரத்தில் உணவும் மருந்தும் தேடி அலையும் பொதுமக்களின் கதை. போரைப் போராளியின் கண்ணால் பார்க்காமல், வீட்டுக்குள் பதுங்கியவரின் கண்ணால் பார்க்கிறது. மிக நேர்மையான விளையாட்டு. நான் அதை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விளையாடவில்லை. வாழ்ந்ததை மறுபடி விளையாட எனக்கு மனம் வரவில்லை. போரைக் காணாதவர்களுக்கு அது வேண்டும், எங்கள் விறாந்தைக்கு வேண்டாம்.

தமிழில் இன்னும் இல்லை

நாங்கள் விளையாடியவை எதிலும் தமிழைக் காணவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துத்தான் மருமகன் ஹொலோ நைட்டின் கல்வெட்டுகளை வாசித்தான். ஆங்கிலம் ஓரளவு முன்னேறியது என்பது உண்மை. ஆனால் எங்கள் ஊர்களைப் போன்ற ஓர் உலகத்துக்குள் நடக்கும் விளையாட்டு ஏன் இல்லை என்று அவன் கேட்டான்.

வழி தேடும் வகையில் இல்லை என்றாலும், தமிழரின் கதை ஒன்று உலகத்துக்குப் போயிருக்கிறது. ரொறன்ரோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 இல் வெண்பா என்ற விளையாட்டை வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், தாயின் பழுதடைந்த சமையல் குறிப்புப் புத்தகம், அதில் அழிந்துபோன இடங்களை நினைவில் இருந்து நிரப்புவது. 2024 இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. இட்லியும் பிரியாணியும் செய்யும் ஒரு தாயின் கதைக்கு உலகம் காது கொடுக்கும் என்றால் ஒழுங்கையும் பனங்கூடலும் கேணியும் உள்ள ஓர் ஊருக்கும் காது கொடுக்கும்.

நிலாவரை

நிட் ஸ்டோரீஸோடு உலகம் வரையும் கருவி வருகிறது என்றேன் அல்லவா? மருமகன் அதைத் திறந்து வைத்துவிட்டு எதை வரைவது என்று தெரியாமல் இருந்தான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நவக்கிரியில் நிலாவரை இருக்கிறது. இராமர் தன் படைகளின் தாகம் தீர்க்க அம்பு ஊன்றிய இடம் என்று கதை. அடி காணாத கிணறு என்று சொல்லி வளர்ந்தோம். ஆறு இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தேங்கி நிற்கிறது. அந்தக் கல்லின் கூரை இடிந்து திறந்த வாய்தான் நிலாவரை. மேலே நன்னீர், கீழே போகப் போக உவர். இதைச் சொன்னதும் அவனுக்குப் பிடித்துக்கொண்டது.

படிக்கட்டை வரைந்தான், தண்ணீரை வரைந்தான். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"உது நிலாவரையோ? படி உந்தப் பக்கம் இல்லை தம்பி, மாத்து."

மாற்றினான்.

"நிலாவரைக்குள்ள எலுமிச்சங்காய் போட்டா கீரிமலைக் கேணியில வந்து மிதக்குமாம். நாங்கள் சின்னனில அப்பிடித்தான் சொல்லுவம்."

அடுத்த ஒரு கிழமை அவன் நிலாவரையில் இருந்து கீரிமலைக்கு நிலத்துக்கு அடியால் குகை வெட்டினான். அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, மேலே எந்த ஊர் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குக்கூடத் தெரியாத கோயில்கள், கிணறுகள், ஆலமரங்கள். முட்கம்பி போடுவதற்கு முந்திய ஊர்களை அவர் சொல்லச் சொல்ல அவன் பதிந்தான். அந்த அறைக்குள் அம்மா அவ்வளவு நேரம் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஓரிடத்தில் சின்னம்மாவின் வளவு வந்தது. ஒரு கதவு வைத்தான். அந்தக் கருவியில் கதவு வைத்தால் அதற்கு ஒரு திறப்பும் எங்காவது வைக்க வேண்டும்.

"அம்மம்மா, திறப்பை எங்க வைக்கிறது?"

அம்மா யோசித்தார். "சின்னம்மா வரட்டும். அவவைக் கேட்டிட்டு வைப்பம்" என்றார்.

சின்னம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவருக்குக் கணினியைக் கண்டாலே பயம். ஆனால் வளவின் வேலி எது, மாமரம் எந்தப் பக்கம், கிணற்றுக் கட்டு எவ்வளவு உயரம் என்று அவரைத் தவிரச் சொல்ல வேறு ஆளில்லை. அதுவரை அந்தக் கதவு பூட்டியபடியே இருக்கிறது. மருமகன் அதைச் சுற்றி மற்ற இடங்களை வரைந்துகொண்டிருக்கிறான்.